கிருமி மாறியதா, தட்டு மாறியதா?

முல்லர்-ஹின்டன் என்பது கிருமி எந்த மருந்துக்கு அடங்கும் என்று சோதிக்கும் அகார் ஊடகம். அதன் புதுப் பவுடர் டப்பாவைத் திறந்த வாரத்தில் எங்கள் ஆய்வகத்தின் க்யூசி (தரக் கட்டுப்பாட்டு) பதிவேட்டில் இரண்டு கட்டங்களில் சிவப்பு மை ஏறியது. முதலாவது, சூடோமோனாஸ் ஏருஜினோசா ஏ.டி.சி.சி. 27853 (எண், அமெரிக்கக் கிருமிச் சேமிப்பகம் தந்த அடையாளம்). இதன்மேல் 10 மைக்ரோகிராம் ஜென்டாமைசின் ஊறிய காகித வட்டத்தை, அதாவது டிஸ்க்கை, வைத்தால் 17 முதல் 23 மி.மீ. விட்டத்துக்கு வளர்ச்சியற்ற வளையம் விழ வேண்டும். விழுந்தது 15. இரண்டாவது, என்டரோகாக்கஸ் ஃபீக்காலிஸ் ஏ.டி.சி.சி. 29212. கோட்ரைமாக்ஸசோல் டிஸ்க்கைச் சுற்றி 20 மி.மீ.க்குக் குறையாமல், உள்ளே ஒன்றுமே முளைக்காத வளையம் வேண்டும். வளையத்தின் விளிம்பு தெரிந்தது. உள்ளே மங்கலாக ஒரு வளர்ச்சிப் படலமும் தெரிந்தது.

மறுபடி போட்டோம். அதே முடிவு.

கட்டுப்பாட்டுக் கிருமிகளை எதற்காக வைத்திருக்கிறோம் என்றால், அவை எந்த மருந்துக்கு எவ்வளவு அடங்கும் என்பது ஏற்கெனவே தெரியும். அவற்றின் வளையம் மாறினால் மாறியது வேறு ஏதோ ஒன்று. நோயாளியிடமிருந்து வந்த கிருமியில் இதே 15 மி.மீ. வந்திருந்தால் யாரும் சந்தேகப்பட்டிருக்க மாட்டோம். "மருந்தெதிர்ப்பு கூடிக்கொண்டே போகிறது" என்று சொல்லிவிட்டு அடுத்த தட்டுக்குப் போயிருப்போம். மருந்தெதிர்ப்பு பற்றிய பேச்சில் எனக்கு உறுத்தும் இடம் இதுதான். நாம் அளப்பது கிருமியை மட்டும் அல்ல. கிருமி, மருந்து, அவை இரண்டும் சந்திக்கும் அந்த 4 மி.மீ. அகார், இந்த மூன்றும் சேர்ந்துதான் ஓர் எண்ணைத் தருகின்றன.

"பவுடர் சரியில்லை மேடம், கம்பெனிக்கு எழுதிடலாம்" என்றார் மூத்த டெக்னீஷியன். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது. டப்பா மாறியது, முடிவு மாறியது. ஆனால் இரண்டு சிவப்பும் ஒரே காரணத்தால் வந்தவையாக எனக்குத் தோன்றவில்லை. ஊடகத்தில் வரும் ஒவ்வொரு கோளாறும் எல்லா மருந்துகளையும் ஒரே மாதிரி தொடாது. எந்த மருந்து, எந்தக் கிருமி, எந்தத் திசை என்று வரிசைப்படுத்திப் பார்த்தால் கோளாறு பெரும்பாலும் தானே முகத்தைக் காட்டிவிடும்.

முதலில் சந்தேகப்பட வேண்டியது அகாரின் கனம். மருந்து டிஸ்க்கிலிருந்து பக்கவாட்டில் மட்டும் பரவுவதில்லை, கீழ்நோக்கியும் இறங்குகிறது. தட்டு கனமாக இருந்தால் மருந்து அதிக ஆழத்துக்குப் பங்கு போய் வளையம் சிறுக்கும். மெலிதாக இருந்தால் வளையம் பெருத்து, எதிர்ப்புள்ள கிருமிகூட மருந்துக்கு அடங்கியதுபோல் வேடம் போடும். ஆகவே 4 மி.மீ. கனத்துக்கு 150 மி.மீ. தட்டில் 60 முதல் 70 மி.லி., 100 மி.மீ. தட்டில் 25 முதல் 30 மி.லி. ஊற்ற வேண்டும். ஒவ்வொரு ஊற்றலிலிருந்தும் ஒரு தட்டைப் பலி கொடுத்து, நடுவிலும் ஓரத்திலும் அகாரை வெட்டி வெர்னியரால் அளந்தேன். கனம் சரி. மேசைமேல் ரசமட்டம் வைத்தும் பார்த்தாயிற்று. மேசை சாய்ந்திருந்தால் தட்டின் ஒரு பக்கம் மெலிந்து வளையம் முட்டை வடிவமாகும். எங்கள் வளையங்கள் வட்டமாகவே இருந்தன. தவிர, கனம்தான் குற்றவாளி என்றால் எல்லா வளையமும் சேர்ந்து சுருங்கியிருக்கும். சூடோமோனாஸ் தட்டில் இமிபெனெம் என்ற இன்னொரு மருந்தின் வளையம் 20 முதல் 28 என்ற எல்லையின் நடுவில் நிம்மதியாக இருந்தது. கனத்தை விட்டாயிற்று.

அடுத்தது பி.எச். முல்லர்-ஹின்டன் அகார் உறைந்து அறை வெப்பநிலைக்கு வந்தபின் 7.2 முதல் 7.4-க்குள் இருக்க வேண்டும். ஃபிளாஸ்க்கில் கொதிக்கும்போது மின்முனையை விட்டு எடுக்கும் எண்ணுக்கு மதிப்பில்லை. நான் செய்வது: ஒரு சிறிய பீக்கரில் மின்முனையின் குமிழ் மூழ்கும் அளவு அகாரை ஊற்றி, அதை மின்முனையோடு சேர்த்தே உறைய விட்டு அளப்பது. பி.எச். இறங்கினால் ஜென்டாமைசின் போன்ற அமினோகிளைகோசைடுகளும் எரித்ரோமைசின் போன்ற மேக்ரோலைடுகளும் வலுவிழக்கும், வளையம் சிறுக்கும். டெட்ராசைக்ளினோ எதிர்த்திசையில் பெருக்கும். பி.எச். ஏறினால் இதெல்லாம் தலைகீழ். ஆட்டோகிளேவில் 121 டிகிரி, 15 நிமிடம் என்பதைத் தாண்டி அதிக நேரம் வேகவிட்ட அகார் பழுப்பேறி பி.எச். இறங்குவதைப் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். அதனால் இதன்மேல்தான் எனக்கு அதிகச் சந்தேகம்.

மீட்டர் காட்டியது 7.4. மேல் விளிம்பு. அதாவது பி.எச். ஏதாவது செய்திருந்தால் ஜென்டாமைசின் வளையம் பெருத்திருக்க வேண்டும். எங்களுடையது சிறுத்திருந்தது. ஆக, பி.எச். குற்றவாளி இல்லை. ஆனால் அந்த 7.4 மனதில் ஒட்டிக்கொண்டது. வழக்கமாக எங்களுக்கு 7.3 வரும்.

இப்போது கையில் இருந்த தடயம் இது: அமினோகிளைகோசைடு மட்டும், சூடோமோனாஸில் மட்டும், சிறுத்த திசையில். ஈ. கோலை 25922-இல் அதே ஜென்டாமைசின் டிஸ்க் 19 முதல் 26-க்குள் ஒழுங்காக விழுந்தது. டிஸ்க்கே கெட்டிருந்தால் இரண்டிலும் கெட்டிருக்கும். நுண்ணுயிரியல் படித்தவர்களுக்கு இந்தச் சேர்க்கை உடனே ஞாபகம் வரும்: கால்சியமும் மக்னீசியமும்.

காரணத்தைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன், ஏனென்றால் இந்தப் பதிவின் பாதி இங்கேதான் இருக்கிறது. சூடோமோனாஸின் வெளிச்சவ்வில் கொழுப்புச் சர்க்கரை மூலக்கூறுகள் நெருக்கமாக நிற்கின்றன. அவற்றில் எதிர்மின்னூட்டம் அதிகம். தனியே விட்டால் ஒன்றையொன்று தள்ளும். இடையில் கால்சியம், மக்னீசியம் அயனிகள் உட்கார்ந்து அவற்றை இணைத்துப் பிடித்திருக்கின்றன. ஜென்டாமைசின் நேர்மின்னூட்டம் கொண்டது. அது இந்த அயனிகளை இடத்திலிருந்து கிளப்பிவிட்டு, குலைந்த சவ்வின் வழியாகத் தனக்கே பாதை செய்துகொண்டு உள்ளே போகிறது. ஊடகத்தில் கால்சியமும் மக்னீசியமும் நிறைய இருந்தால், கிளம்பிய இடத்தில் உடனே வேறொன்று வந்து உட்கார்ந்துவிடும். மருந்து வெளியே நிற்கும். வளையம் சிறுக்கும். குறைவாக இருந்தால் எதிர்மாறாக, எதிர்ப்புள்ள சூடோமோனாஸ்கூட அடங்கியதாகத் தெரியும். எம்.ஐ.சி., அதாவது கிருமியை அடக்கும் குறைந்தபட்ச மருந்தளவு, பார்க்கும் திரவ ஊடகத்தில் கால்சியம் லிட்டருக்கு 20 முதல் 25 மி.கி., மக்னீசியம் 10 முதல் 12.5 மி.கி. என்று எண்ணை ஆணி அடித்து வைத்திருப்பது இதற்காகத்தான். அகாரில் அப்படிச் சேர்த்துச் சரிசெய்ய முடியாது. அகார்த் தூளே கடற்பாசியிலிருந்து வருவது, தனக்கென்று உப்புகளோடு வரும். ஒவ்வொரு லாட்டையும், அதாவது தயாரிப்புத் தொகுதியையும், சோதித்துப் பார்ப்பது தவிர வேறு வழியில்லை.

பவுடரில்தான் கால்சியம் அதிகம் என்று எழுதிக் கேஸை மூடியிருக்கலாம். அதற்கு முன்னால் ஒரு குறுக்குச் சோதனை போட்டேன். பழைய டப்பாவின் அடியில் கொஞ்சம் பவுடர் மிச்சம் இருந்தது. அதையும் புதியதையும் எங்கள் டீஅயனைசர் நீரில் ஒரு தடவை, பக்கத்து உயிர்வேதியியல் பிரிவின் காய்ச்சி வடித்த நீரில் ஒரு தடவை கரைத்தேன். நான்கு சேர்க்கை, ஒரே ஆட்டோகிளேவ் சுற்று, ஒரே நாள் ஊற்றல். கிருமிக் கலங்கலும் ஒன்றே: 0.5 மெக்ஃபார்லண்ட் அடர்த்தி, மி.லி.க்கு சுமார் 1 முதல் 2 கோடி அல்ல, 10 முதல் 20 கோடி கிருமிகள். இந்த இலக்கத்தில் ஒரு பூஜ்யம் தவறினால் முழுச் சோதனையும் பாழ் என்பதால் புதிதாக வருபவர்களிடம் இதைச் சத்தமாகச் சொல்லச் சொல்வது என் வழக்கம். கலங்கல் தயாரான 15 நிமிடத்துக்குள் தட்டில் மூன்று திசையிலும் தேய்த்து, டிஸ்க் வைத்து, 35 டிகிரியில் 16 முதல் 18 மணி நேரம்.

மறுநாள் காலை மூத்த டெக்னீஷியன்தான் முதலில் தட்டுகளைத் திருப்பிப் பார்த்தார். "மேடம், பழைய பவுடரும் சிறுத்துப்போச்சே" என்றார்.

ஜென்டாமைசின் கோளாறு பவுடரோடு போகவில்லை, தண்ணீரோடு போனது. எங்கள் நீரில் கரைத்த இரண்டு பவுடரிலும் சூடோமோனாஸ் வளையம் எல்லைக்குக் கீழே. பக்கத்துப் பிரிவின் நீரில் இரண்டிலும் 20-க்கு அருகே. என்டரோகாக்கஸின் மங்கல் படலமோ தண்ணீரைப் பற்றிக் கவலைப்படவே இல்லை. புதுப் பவுடரில் இரண்டு நீரிலும் இருந்தது, பழையதில் இரண்டிலும் இல்லை. ஒரே வாரத்தில் இரண்டு கோளாறுகள் கைகோத்து வந்திருக்கின்றன.

டீஅயனைசரின் முகப்பில் இருந்த மீட்டர் அப்போதும் நல்ல நீர் என்றே சொல்லிக்கொண்டிருந்தது. கையில் பிடிக்கும் கடத்துத்திறன் மீட்டரைக் கொண்டுவந்து டீஅயனைசரின் வெளிக்குழாயில் வரும் நீரைப் பிடித்து அளந்தால் சென்டிமீட்டருக்குப் பல நூறு மைக்ரோசீமன்ஸ். ஆய்வக நீருக்கான ஐ.எஸ்.ஓ. 3696 தரத்தில் கடைசித் தரமான மூன்றாம் தர நீருக்கே மேல் எல்லை 5 தான். பிசின் கார்ட்ரிஜ் தீர்ந்துபோய் உள்ளே வரும் கடின நீர் அப்படியே வெளியே வந்துகொண்டிருந்தது. முகப்பு மீட்டரின் உணர்முனையைக் கழற்றினால் மேலே வெள்ளைப் படிவு. படிவு மூடிய உணர்முனை பொதுவாகக் குறைத்தே காட்டும். 7.4-க்கும் விடை கிடைத்தது: கடின நீரின் பைகார்பனேட் பி.எச்.சை மெல்ல மேலே தள்ளியிருக்கிறது. கார்ட்ரிஜை மாற்றினோம், உணர்முனையை நீர்த்த அமிலத்தில் ஊறவைத்துக் கழுவினோம், முதலில் வரும் நீரைக் கொட்டிவிட்டு அளந்தோம். சரியானது.

தண்ணீர்ப் பிரச்சினை வேகமாக முடிந்தது. பவுடர் பிரச்சினை இன்னும் சுவாரசியமானது.

கோட்ரைமாக்ஸசோலில் இருக்கும் சல்ஃபாமெதாக்ஸசோல், ட்ரைமெத்தோப்ரிம் இரண்டும் கிருமி ஃபோலேட் தயாரிக்கும் ஒரே வழியை இரண்டு இடத்தில் அடைக்கின்றன. ஃபோலேட் இல்லாமல் கிருமி தைமிடின் தயாரிக்க முடியாது. தைமிடின் இல்லாமல் டி.என்.ஏ. இல்லை. ஆனால் ஊடகத்திலேயே தைமிடின் கிடந்தால்? கிருமி அதை வெளியிலிருந்து எடுத்துக்கொள்ளும். மருந்து அடைத்த வழி அதற்குத் தேவையே படாது. மருந்தும் வேலை செய்கிறது, கிருமியும் வளர்கிறது. என்டரோகாக்கஸ் இதில் கெட்டிக்காரக் கிருமி, அதனால்தான் தைமிடின் காட்டிக்கொடுக்கும் காவலாக அதையே வைத்திருக்கிறார்கள். நல்ல ஊடகத்தில் 20 மி.மீ.க்குக் குறையாத தெளிவான வளையம். தைமிடின் மிகுந்ததில் வளையமே இருக்காது, அல்லது எங்களுக்கு வந்ததுபோல் உள்ளே படலம் ஓடும்.

இங்கே ஓர் எச்சரிக்கை. சல்ஃபா மருந்துகளில் கிருமி அடங்குவதற்கு முன் சில தலைமுறை பெருகிவிடும். அதனால் விளிம்பில் மெல்லிய வளர்ச்சி இருந்தால் அதைப் புறக்கணித்து, கண்ணுக்குத் திடமாகத் தெரியும் விளிம்பை அளப்பதுதான் முறை. இந்த விதியைத் தெரிந்தவர்களே என்டரோகாக்கஸ் தட்டிலும் அதைப் போட்டு "சரியாகத்தான் இருக்கு" என்று விட்டுவிட வாய்ப்புண்டு. நோயாளிக் கிருமியை வாசிக்கும் விதி வேறு, ஊடகத்தைச் சோதிக்கும் விதி வேறு.

தைமிடின் எங்கிருந்து வருகிறது? முல்லர்-ஹின்டன் அகாரின் செய்முறையைப் பார்த்தால் புரியும். லிட்டருக்கு மாட்டிறைச்சிச் சாறு 2 கிராம், அமிலத்தால் சிதைத்த கேசின் 17.5, ஸ்டார்ச் 1.5, அகார் 17. மொத்தம் 38 கிராம். நான்கில் ஒன்றுகூட தூய வேதிப்பொருள் இல்லை. இறைச்சி, பால், தாவரம், கடற்பாசி என்று எல்லாம் உயிரினங்களிலிருந்து எடுத்தவை. உலகமே ஒரே தரமாகப் பயன்படுத்தும் ஊடகத்தின் அஸ்திவாரம் இவ்வளவு இளகியது. இதை முதலில் படித்தபோது எனக்குக் கொஞ்சம் திகைப்பாகத்தான் இருந்தது.

இன்னொன்றும் உண்டு. ஜான் ஹோவர்ட் முல்லரும் ஜேன் ஹின்டனும் 1941-இல் இதை உருவாக்கியது மருந்துச் சோதனைக்காகவே அல்ல. கொனோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ் என்ற வளர்க்கக் கடினமான இரண்டு கிருமிகளை முளைக்க வைப்பதற்காக. ஸ்டார்ச் சேர்த்ததும் ஊடகத்தில் இருக்கும் நச்சுப் பொருள்களை அது உறிஞ்சிக்கொள்ளும் என்பதற்காக. பிறகு 1966-இல் பாவர், கிர்பி, ஷெரிஸ், டர்க் ஆகிய நால்வர் டிஸ்க் முறையைச் சீர்படுத்தியபோது இந்த அகார்தான் கைக்கு வாகாக அமைந்தது: பொதுவான கிருமிகள் இதில் நன்றாக வளர்ந்தன, சல்ஃபாவையும் டெட்ராசைக்ளினையும் கெடுக்கும் பொருள்கள் குறைவு, லாட்டுகளுக்கு இடையே வேறுபாடும் ஒப்பீட்டளவில் குறைவு. எத்தனை மி.மீ. வந்தால் அடங்கும், எத்தனை வந்தால் எதிர்ப்பு என்று சொல்லும் எல்லை அட்டவணைகள் அதன்மேல் கட்டப்பட்டன. இன்று அட்டவணையில் இருக்கும் பெரும்பாலான மி.மீ. எண்கள் இந்த அகாருக்குத்தான் செல்லும்.

அதனால்தான் நியூட்ரியன்ட் அகாரில் டிஸ்க் வைத்துவிட்டு சி.எல்.எஸ்.ஐ. என்ற அமெரிக்கத் தர அமைப்பின் அட்டவணையைத் திறக்கும் மாணவர் புராஜெக்ட்டுகளைப் பார்த்தால் எரிச்சல் வரும். அந்த எண்ணுக்கு அட்டவணையில் இடமே கிடையாது. இந்தச் சாக்கில் எங்களிடம் பயிற்சிக்கு வந்திருந்த பிள்ளைகளுக்காக ஈ. கோலை 25922-ஐ நியூட்ரியன்ட் அகார், ட்ரிப்டிகேஸ் சோயா அகார், முல்லர்-ஹின்டன் மூன்றிலும் போட்டுக் காட்டினேன். ஒரே கிருமி, ஒரே டிஸ்க் பெட்டி, மூன்று விதமான வளையங்கள். அதைவிட முக்கியம், எல்லா மருந்துகளும் ஒரே திசையில் நகரவில்லை. "ஒரு திருத்த எண்ணால் பெருக்கிக்கொள்ளலாமே" என்று ஒரு பையன் கேட்டான். தட்டுகளை அவன் கையிலேயே கொடுத்து அளக்கச் சொன்னேன்.

சரி, தைமிடினுக்குத் திரும்புகிறேன். அதற்குப் பரிகாரம் இருக்கிறது. உடைத்த குதிரை இரத்தம் அல்லது தைமிடின் பாஸ்ஃபோரிலேஸ் என்சைம் சேர்த்தால், தைமிடின் தைமினாக மாறிவிடும். தைமினைக் கிருமிகள் அவ்வளவு எளிதாகப் பயன்படுத்த முடியாது. சோதனையாக ஒரு சிறு அளவில் உடைத்த குதிரை இரத்தம் சேர்த்து ஊற்றிப் பார்த்தேன். படலம் மறைந்து வளையம் கண்ணாடிபோல் தெளிந்தது. நோயறிதல் உறுதியானது. ஆனால் அன்றாட வேலைக்கு இப்படி ஒட்டுப்போட்டு ஓட்டும் எண்ணம் எனக்கு இல்லை. முல்லர்-ஹின்டன் லாட்டுகளை எப்படி ஏற்க வேண்டும் என்பதற்கே ஐ.எஸ்.ஓ./டி.எஸ். 16782 என்று தனி ஆவணம் இருக்கிறது. அந்தச் சோதனைகளைத் தாண்டாத டப்பாவைத் திருப்பி அனுப்புவதுதான் முறை. குறுக்குச் சோதனைத் தட்டுகளின் படங்களை இணைத்து அனுப்பினோம். தண்ணீர்க் கோளாறையும் சேர்த்துப் பவுடர்மேல் போட்டு எழுதியிருந்தால், அவர்கள் தங்கள் நீரில் ஜென்டாமைசினைச் சரியாக எடுத்துக் காட்டி மொத்தப் புகாரையும் தள்ளியிருப்பார்கள்.

இடையில் வெளியே போன அறிக்கைகள் என்ன ஆயின? சூடோமோனாஸுக்கு ஜென்டாமைசின் நாங்கள் நோயாளி அறிக்கையில் தருவதில்லை, சி.எல்.எஸ்.ஐ. 2023-இல் அந்த எல்லையை அட்டவணையிலிருந்தே எடுத்துவிட்டது. கால்சியத்தைக் காட்டிக்கொடுக்கும் மணியாக மட்டும் க்யூசியில் வைத்திருக்கிறோம். ஆனால் டோப்ராமைசின் போகிறது, அதுவும் அமினோகிளைகோசைடுதான். கடைசியாகச் சரியாக வந்த க்யூசி நாளுக்குப் பிறகு சேமித்து வைத்திருந்த சூடோமோனாஸ் எல்லாவற்றையும் உறைநிலையிலிருந்து எடுத்து நல்ல தட்டில் மறுபடி போட்டோம். சில, இடைநிலையிலிருந்து மருந்துக்கு அடங்கும் பக்கம் நகர்ந்தன. திருத்திய அறிக்கை அனுப்பி, வார்டுகளுக்குத் தொலைபேசியிலும் சொன்னோம். இனிய வேலை இல்லை. உண்மையான எதிர்ப்புள்ளவை எந்தத் தட்டிலும் எதிர்ப்புள்ளவையாகவே இருந்தன; விளிம்பில் நிற்பவற்றைத்தான் ஊடகம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுகிறது.

இவ்வளவு ஆன பிறகு, குளிர்பெட்டியில் இருந்த மற்ற தட்டுகளையும் ஒரு கை பார்த்துவிடுவோம் என்று இறங்கினோம்.

மெதிசிலின் எதிர்ப்பு ஸ்டாஃபைலோகாக்கஸ் (ஆரியஸ் இனத்தில் எம்.ஆர்.எஸ்.ஏ.) பக்கம் பெரிய சிக்கல் இல்லை. எதிர்ப்பைத் தரும் மெக்-ஏ மரபணு இருந்தும் பல கிருமிக் கூட்டங்களில் ஒரு சிறு பகுதிதான் எதிர்ப்பை வெளியே காட்டும். உப்பும் சற்றுத் தணிந்த வெப்பமும் அந்தச் சிறுபான்மையை வெளிக்கொண்டுவரும். ஆகவேதான் ஆக்ஸசிலின் ஸ்கிரீன் தட்டில் 4% உப்பும் மி.லி.க்கு 6 மைக்ரோகிராம் ஆக்ஸசிலினும், இன்குபேட்டர் 35 டிகிரிக்கு மேல் போகக் கூடாது என்ற கண்டிப்பும், 24 மணி நேரமும். செஃபாக்சிடின் 30 மைக்ரோகிராம் டிஸ்க் அந்த மரபணுவை நன்றாகவே தட்டி எழுப்பும் என்பதால் அதற்கு உப்பில்லாத சாதாரண முல்லர்-ஹின்டன் போதும். ஆரியஸில் 21 மி.மீ. அல்லது குறைவு என்றால் எதிர்ப்பு. உப்பு நல்லது என்று அள்ளிப் போடவும் முடியாது. மேனிட்டால் சால்ட் அகாரின் 7.5% உப்பில் சில எம்.ஆர்.எஸ்.ஏ. வகைகளே தயங்கும். எதிர்ப்புக் கிருமியைச் சலித்தெடுக்கும் சல்லடைத் தட்டாக அதை மட்டும் நம்பியிருப்பவர்கள் யோசிக்க வேண்டும்.

இரத்த அகாரில் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் சோதனையை 5% கார்பன் டை ஆக்சைடில் வைக்கிறோம். அந்த வாயு தட்டின் மேற்பரப்பில் கரைந்து பி.எச்.சை இறக்கும், எரித்ரோமைசின் வளையம் சிறுக்கும். அதற்கான எல்லைகள் அந்தச் சூழலிலேயே வகுக்கப்பட்டவை, அதனால் கவலை இல்லை. ஆனால் இன்குபேட்டரில் இடம் இல்லை என்று ஸ்டாஃபைலோகாக்கஸ் தட்டையும் அதே பெட்டியில் தள்ளினால் கதை வேறு. கதவில் ஒரு சீட்டு ஒட்டிவிட்டோம்.

கோலிஸ்டின் டிஸ்க்குகள் ஒரு மூலையில் கிடந்தன. குப்பைக்குப் போயின. அந்தப் பெரிய மூலக்கூறு அகாரில் நகரவே திணறும். வளையத்தை வைத்து எதுவும் சொல்ல முடியாது. திரவ ஊடகத்தில் நீர்த்தல் முறைதான், அதிலும் கோலிஸ்டின் சல்ஃபேட் உப்புதான், பாலிசார்பேட் சேர்க்காமல்.

நேரம் பிடித்தது, கார்பபெனெம் என்னும் வலிய மருந்து வகைக்கு எதிர்ப்புள்ள கிருமிகளைத் தேடும் சல்லடைத் தட்டுகள். ஐ.சி.யூ.வில் சேரும் நோயாளிகளின் மலக்குடல் ஸ்வாபுகளை மெக்கான்கி அகாரில் லிட்டருக்கு 1 மி.கி. செஃபோடாக்சிம் சேர்த்த தட்டில்தான் போட்டுக்கொண்டிருந்தோம். இ.எஸ்.பி.எல். எனும், செஃபோடாக்சிம் போன்ற மருந்துகளை உடைக்கும் என்சைம் கொண்ட கிருமிகளுக்கு நல்ல தட்டு. கார்பபெனெமை உடைக்கும் என்.டி.எம்., கே.பி.சி. என்சைம்கள் கொண்டவையும் அதில் முளைக்கும், ஏனென்றால் அந்த என்சைம்கள் செஃபோடாக்சிமையும் உடைக்கும். ஆக்ஸா-48 என்ற என்சைம் அப்படி இல்லை. கார்பபெனெமை மெதுவாக உடைக்கும், செஃபோடாக்சிமை ஏறக்குறையத் தொடாது. இ.எஸ்.பி.எல். இல்லாமல் ஆக்ஸா-48 மட்டும் கொண்ட ஒரு கிளெப்சியெல்லாவை எங்கள் சேமிப்பிலிருந்து எடுத்து அந்தத் தட்டில் தேய்த்தேன். வெறுமை. தட்டின் கண்ணுக்கு அந்த நோயாளியிடம் எதுவுமே இல்லை.

2012-இல் நோர்ட்மன், ஜிர்லிஷ், புவாரெல் ஆகியோர் வெளியிட்ட சூப்பர்கார்பா செய்முறையை ஊற்றிப் பார்த்தேன். ட்ரிகால்ஸ்கி அகாரில் லிட்டருக்கு எர்டாபெனெம் 0.25 மி.கி., கிளாக்சசிலின் 250 மி.கி., சிங்க் சல்ஃபேட் 70 மி.கி. ஒவ்வொன்றுக்கும் வேலை இருக்கிறது. எர்டாபெனெம் அளவு மிகக் குறைவு, ஆக்ஸா-48 போன்ற சோம்பேறி என்சைம் உள்ளவையும் தாங்கும். கிளாக்சசிலின் ஆம்ப்-சி என்சைமை அடக்கி, தேவையற்ற விருந்தாளிகளை வெளியே நிறுத்தும். சிங்க், என்.டி.எம். போன்ற உலோக என்சைம்களுக்குத் தீனி. சிங்க் இல்லாத இடத்தில் அந்த என்சைம் கை கட்டி நிற்கும், கிருமியும் மருந்துக்கு அடங்கியதுபோல் தெரியும். இதே சிங்க் முல்லர்-ஹின்டன் அகாரில் தற்செயலாகக் கூடினால் கார்பபெனெம் வளையங்கள் சிறுக்கும் என்பதையும் இங்கே நினைவில் வைக்க வேண்டும். ஒரு தட்டில் வேண்டுமென்றே போடும் பொருள், இன்னொரு தட்டில் மாசு.

மருந்தை அகார் 45 முதல் 50 டிகிரிக்கு இறங்கிய பிறகே சேர்த்தேன். சூட்டில் கார்பபெனெம் நிற்காது. ஆக்ஸா-48 கிளெப்சியெல்லா இந்தத் தட்டில் அடர்த்தியாக முளைத்தது, என்.டி.எம். முளைத்தது, எதிர்ப்பில்லாத ஈ. கோலை முளைக்கவில்லை. எர்டாபெனெம் தட்டிலேயே மெல்லச் சிதையும் என்பதால் குறைவாக ஊற்றி, குளிரில் வைத்து, சில நாளில் தீர்த்துவிடுகிறோம். பழைய தட்டில் எதிர்ப்பில்லாத கிருமியும் முளைக்கத் தொடங்கும்; அதைத் தெரிந்துகொள்ள எதிர்மறைக் கட்டுப்பாடு ஒவ்வொரு முறையும் அவசியம்.

இதையெல்லாம் செய்துகொண்டிருந்தபோது பயிற்சிப் பையன் மறுபடி ஒரு கேள்வி கேட்டான்: எந்த ஊடகம் உடம்பைப் போல இருக்கும்? எதுவும் இல்லை. நம் இரத்தத்தில் பைகார்பனேட் இருக்கிறது, முல்லர்-ஹின்டனில் சேர்ப்பதில்லை. பைகார்பனேட் சேர்த்த ஊடகத்தில் சில எம்.ஆர்.எஸ்.ஏ. வகைகள் ஆக்ஸசிலினுக்கும் செஃபசோலினுக்கும் அடங்கிப்போவதைக் காட்டிய ஆய்வுகள் உண்டு. செல் வளர்ப்புக்கான ஆர்.பி.எம்.ஐ. ஊடகத்தில், முல்லர்-ஹின்டனில் பயனற்றதாகத் தெரியும் அசித்ரோமைசின் பல மருந்துகளுக்கு எதிர்ப்புள்ள கிராம் நெகட்டிவ் கிருமிகளைக் கொல்வதையும் காட்டியிருக்கிறார்கள். நாளைக்கே அந்த ஊடகத்துக்கு மாறிவிட முடியாது, அதற்கு எல்லை அட்டவணை இல்லை. செஃபிடெரோகோல் என்ற புதிய மருந்துக்கு மட்டும், அது இரும்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே நுழைவதால், இரும்பு நீக்கிய திரவ ஊடகம் என்று தனிச் சலுகை கொடுத்திருக்கிறார்கள்.

மாற்று டப்பா வந்துவிட்டது. வேறு லாட். புதுக் கார்ட்ரிஜ் நீரில் கரைத்ததில் பி.எச். 7.3, சூடோமோனாஸ் ஜென்டாமைசின் 20, என்டரோகாக்கஸ் கோட்ரைமாக்ஸசோல் தெளிவு. ஈ. கோலையில் டெட்ராசைக்ளின் மட்டும் 18 முதல் 25 என்ற எல்லையில் 19-இல் நிற்கிறது. வரம்புக்குள்தான், ஆனால் முந்தைய லாட்டுகளில் 21, 22 வந்துகொண்டிருந்தது. தண்ணீரின் கடத்துத்திறன் இப்போது கை மீட்டரில் ஒவ்வொரு ஊற்றலுக்கு முன்பும் எழுதப்படுகிறது, அதில் குறை இல்லை. டெட்ராசைக்ளின் டிஸ்க்கில் வேறு லாட் வரவழைத்திருக்கிறேன். அது வந்ததும் இரண்டு டிஸ்க்கையும் ஒரே தட்டில் எதிரெதிரே வைத்துப் பார்க்க வேண்டும்.